முதலை முட்டைக்கு ஒரு வருட அனுமதி

அன்புள்ள குட்டிம்மா,

இங்கே அப்பா, தம்பி, நான் மூவரும் சுகம். உன் இருமல் நின்றுவிட்டது என்று நீ எழுதினால்தான் அதை முழுச் சுகமாக எடுத்துக்கொள்வேன். தம்பி உன் அறையைப் பிடித்துக்கொண்டான், கேட்டால் அக்கா வந்தா ஹால்ல படுத்துக்கட்டும் என்கிறான். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படியில் மட்டும் முனகல்.

ஆற்றோரத்தில் முதலை முட்டை எடுக்கும் அனுமதியை நிறுத்தச் சொல்லி எங்கள் வனவிலங்குத் துறை அலுவலகத்துக்கு வந்த மனுவில் உன் கையெழுத்தைப் பார்த்தேன். முட்டையை எடுத்துப் பண்ணையில தோலுக்காக வளர்க்கிறதுக்குப் பேர் பாதுகாப்பாம்மா என்று நீ போனிலும் கேட்டாய். இந்த வருடம் முடிவு செய்யும் பொறுப்பு என்னுடையது என்பதால் போன வாரம் நானே படகில் போய்ப் பார்த்தேன். கரையில் நிலம் வைத்திருக்கும் விவசாயி ஒருவர், முன்பெல்லாம் முதலைக் கூட்டைக் கண்டால் மண்வெட்டியால் கொத்திப்போட்டவர், இப்போது முதலை முட்டையிட்டு மூடிய சருகுக் குவியல் பக்கம் தன் மாடுகளைக்கூட விடுவதில்லை. பாசமெல்லாம் இல்ல மேடம், என் ஆட்டைத் தின்ன சனியன்தான் அது, முட்டைக்குப் பண்ணைக்காரன் காசு தர்றான், அதான் விட்டு வச்சிருக்கேன், எடுக்கக் கூடாதுன்னு சொல்றவங்க முதலையை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகட்டும் என்றார். நீ அங்கே தங்கியிருக்கும் ஒற்றை அறையில் அதை எங்கே படுக்க வைப்பாய் என்று யோசித்துக்கொண்டே திரும்பினேன். தாழ்வான கூடுகளின் முட்டைகள் எப்படியும் வெள்ளத்தில் அழுகித்தான் போகின்றன, அவற்றை எடுத்ததால் ஆற்றில் முதலை குறையவில்லை, எங்கள் கணக்கெடுப்பில் கூடித்தான் இருக்கிறது. ஆனால் தோல் விலை விழுந்தால் அவர் மறுபடி மண்வெட்டியை எடுப்பாரா என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்பவர்களை நான் நம்புவதும் இல்லை. அதனால் மூன்று வருடம் கேட்ட பண்ணைக்காரர்களுக்கு ஒரு வருடம் மட்டும், வெள்ளம் எட்டாத உயரத்தில் இருக்கும் கூடுகளைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு, அடுத்த மாதக் கூட்டத்தில் அனுமதி கொடுக்கப் போகிறேன். இப்ப சொல்லாதே, குழந்தை மனசு சங்கடப்படும் என்று அப்பா தடுத்தார். வேறு யாரோ சொல்லி நீ தெரிந்துகொள்வது அதைவிடச் சங்கடம்.

உன் மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. மனுவின் இரண்டாவது பத்தி நீ எழுதியதுதான் என்று படித்ததுமே தெரிந்தது, நன்றாகவும் இருந்தது. நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. அம்மாவோடு சண்டை போடுகிற தெம்போடு நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். மறந்துவிடாதே, நான் செய்வது தப்பென்று தோன்றினால் கூட்டத்துக்கு முன் விவரமாக எழுதி அனுப்பு. என் முடிவைப் படிப்பதற்கு முன் உன் மறுப்பை நானே எல்லோருக்கும் படித்துக் காட்டுகிறேன்.

என்றும் உன்,
அம்மா