இஞ்சேரும்

ஜூலை 9, புதன். அலாஸ்கா, கப்பலில்.

இரவு பத்து மணிக்கும் வெளியே வெளிச்சம். நித்திரை வரவில்லை.

காலையில் கரையோரப் பனிச்சுவரில் பெரிய துண்டொன்று உடைந்து, இடி மாதிரிச் சத்தத்துடன் கடலில் விழுந்தது. மேல்தட்டில் நின்ற நான் என்னை அறியாமலே, "இஞ்சேரும், கெதியா வாரும்!" என்று கத்திவிட்டேன். மனைவி போன வருடமே இறந்துவிட்டாள். ஒருநாளும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை; 'இங்கே பாரும்' என்ற இந்த அழைப்புத்தான். எங்கள் ஊர் ஆண்கள் எல்லோருக்கும் மனைவியின் பேர் இஞ்சேரும்தான்.

பின்னாலிருந்து ஒரு பெண் ஓடிவந்தார். என் முகத்தைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"ஐயோ, என்ர மனுசன் கூப்பிடுறார் எண்டெல்லோ ஓடி வந்தனான்!"

கணவரும் சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தார். மெல்பேர்னில் ஸ்பிரிங்வேல் பக்கமாம். நான் சிட்னி, லிட்கம் என்றேன்.

"மிசிஸ் எங்க?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"கபினில படுத்திருக்கிறா. குளிர் ஒத்துவராது."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்னும் விளங்கவில்லை.

"அப்ப நாளைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு ரெண்டு பேரும் எங்கட மேசைக்கு வாங்கோ."

"ஓம், வாறம்" என்றேன்.

சாப்பாட்டு அறைக்குள் குளிர் இல்லை. நாளைக்குத் தலையிடி என்றுதான் சொல்ல வேண்டும். அவளுக்கு அது அடிக்கடி வரும்.