மார்க்கர் தோற்ற ஆட்டங்கள்

மேடம்,

இன்று காலை புது டென்னிஸ் பந்து டப்பா ஒன்றைத் திறந்தேன். புஸ்ஸென்று காற்று வெளியேறி, அந்த ரப்பர் வாசனை வந்தது. நீங்கள் டப்பாவை மூக்கருகே பிடித்துக் கண்ணை மூடுவீர்கள். "இதுதான் என் ஊர்" என்பீர்கள். நீங்கள் இறந்துவிட்டதாக, நீங்கள் வேலை பார்த்த பள்ளியின் ஆபீஸில் சொல்லி எட்டு மாதம் ஆகிறது.

அர்மீனியாவில் பிறந்து, பதினாறு வயதில் பையைத் தூக்கிக்கொண்டு நாடு நாடாகப் போட்டிகளுக்கு அலைந்தவர் நீங்கள். பஸ்ஸில் தூங்கி, ஸ்டேஷனில் முகம் கழுவிவிட்டு ஆடப் போனதைச் சொல்லிச் சிரிப்பீர்கள். தோள்பட்டை ஆபரேஷனோடு அதெல்லாம் முடிந்து, ஊட்டியில் ஒரு பள்ளிக்குக் கோச்சாக வந்தீர்கள். பள்ளி தொடங்கும் முன், பனி விலகாத எங்கள் கிளப் கோர்ட்டில் என்னோடு ஆடுவீர்கள்.

நான் மார்க்கர். உறுப்பினர்களோடு ஆடுவதும், அவர்களுக்குத் தெரியாமல் தோற்பதும்தான் என் வேலை. ஐந்துக்கு ஐந்து வரை இழுத்து, கடைசியில் ஒரு பந்தை வலையில் அடிக்க வேண்டும். தோற்பதில் என்னை மிஞ்ச இந்த மலையில் ஆள் கிடையாது. உங்களிடமும் அதையே செய்தேன். பந்து தோளுக்கு மேலே எழும்பாமல், கைக்கு வாகாகப் போட்டுக் கொடுத்தேன். உங்கள் முகம் மலர்வதைப் பார்க்க எனக்கும் பிடித்திருந்தது.

"என் தோள் சரியாச்சா? உண்மை சொல்லு" என்று ஒருநாள் கேட்டீர்கள்.

"பழைய ஆட்டம் வந்துருச்சுங்க மேடம்" என்றேன்.

வீட்டில் மனைவி திட்டினாள். "ஏனுங்க, அந்தம்மா பொழப்போட வெளையாடாதீங்க. உள்ளதைச் சொல்லிப்போடுங்க." நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் வேலையை விட்டுவிட்டு மறுபடியும் போட்டிக்குக் கிளம்பிவிட்டீர்கள்.

முதல் சுற்றிலேயே, ஒரு கேம்கூட எடுக்காமல் தோற்றுத் திரும்பினீர்கள். பெட்டிகளை எடுக்க வந்தவர் நேராகக் கோர்ட்டுக்கு வந்தீர்கள். "இன்னிக்கு நிஜமா ஆடு." ஆடினேன். பந்தை உயர எழுப்பினேன். கையைத் தூக்க முடியாமல் நின்றீர்கள். ஆறு பூஜ்யம். நீங்கள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை.

"முதல் நாளே இப்படி ஆடியிருக்கலாம்" என்றீர்கள்.

அதன் பிறகு உங்கள் ஊரில் என்ன செய்தீர்கள், யாரோடு இருந்தீர்கள், ஒன்றும் தெரியாது. நல்லது செய்வதாக நினைத்து உங்களுக்குக் குழி பறித்தேன். மன்னிப்புக் கேட்கவும் இப்போது ஆள் இல்லை.

இன்று காலையும் ஓர் உறுப்பினரிடம் ஏழு ஐந்தில் தோற்றேன். அவர் சிரித்துக்கொண்டே போனார். எனக்கு வேறு வேலை தெரியாது, மேடம். இத்தனை வருடத்தில் இந்தக் கோர்ட்டில் நான் ஜெயித்தது ஒரே ஒரு செட். அது உங்களிடம் ஜெயித்தது.