மந்தாரை இலையில் வந்த ராச்சாப்பாடு

என் பிரியமுள்ள மாமாவுக்கு,

நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் நான் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதியதில்லை. எழுத என்ன அவசியம், கூப்பிடு தூரத்தில்தானே இருந்தீர்கள். கூப்பிட்டாலும் காது கேட்காத மாதிரி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நிற்பீர்கள், அது வேறு கதை. இப்போது எத்தனை சத்தம் போட்டாலும் எட்டாத இடத்துக்குப் போய்விட்டீர்கள். அதனால்தான் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். சிவப்பு மாடு முந்தாநாள் கன்று போட்டது, கிடாரி. புளி இந்த வருஷம் கிளை ஒடியக் காய்த்திருக்கிறது. நம் மகள் தேன்மொழி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு திருப்பத்தூரிலிருந்து வந்து என்னோடு இருக்கிறாள். உங்கள் கருமாதி அன்று பக்கத்து வீட்டுக் குப்பம்மா அக்கா என்னிடம் ஒரு விஷயம் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குப் பழைய நாட்களே கண்ணில் நிற்கின்றன.

எழுபதுகளின் கடைசி. இரண்டு பிள்ளை வயிற்றிலேயே கலைந்து, மூன்றாவதாகத் தேனு தங்கியிருந்தாள். நான்காம் மாசம். சாமைச் சோறு கொதிக்கிற வாசம் வந்தாலே புழக்கடைக்கு ஓடுவேன். பகலில் மோர், கஞ்சி என்று எதையாவது குடித்துச் சமாளித்தாலும், ராத்திரிக்கு ஒன்றும் இறங்காது. வந்து பார்த்த நர்சம்மா வெளியே போய் உங்களிடம் மெதுவாகத்தான் சொன்னார்கள், ஆனால் எனக்குக் கேட்டது: "ராவுக்கு வவுறு காஞ்சா இந்தக் கொழந்தயும் தங்காதுங்க."

நீங்கள் அப்போது காட்டு பங்களாவில் வாட்ச்மேன், சமையலும் நீங்களே. வருகிற ஆபீசர்களுக்கெல்லாம் விதவிதமாகச் செய்து போடுவீர்கள். வீட்டிலோ ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு குடிக்கவும் நான் வர வேண்டும். அடுப்பங்கரையில் ஆம்பிளையைப் பார்த்தால் ஊர் சிரிக்கும் என்று உங்களுக்குப் பயம். அப்படிப்பட்ட மனுஷன் மறுநாளே மலைக்கு ஆள் ஏற்றி வரும் ஜீப்காரரிடம் சொல்லி திருப்பத்தூரிலிருந்து ரொட்டி வரவழைத்தீர்கள்.

நம் மலையில் அன்றைக்கு ரொட்டி என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா மாமா? காய்ச்சலில் கிடப்பவர்களுக்குப் பாலில் நனைத்துக் கொடுப்பது. அதுவும் ஆள் தேறுமா தேறாதா என்ற கட்டத்தில்தான் வாங்குவார்கள். ஜீப்பில் உங்கள் ரொட்டியைப் பார்த்தவர்கள் ஏறின இடம் இறங்கின இடமெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்கள். பொழுது சாய்வதற்குள் நம் வாசலில் ஊரே கூடிவிட்டது. பக்கத்தூர் நெல்லிவாசல்நாட்டில் இருந்த என் அம்மாவுக்கு யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, அவள் ஒற்றையடிப் பாதை முழுக்க ஒப்பாரி வைத்துக்கொண்டே நடந்து வந்து சேர்ந்தாள்.

"இன்னா மாப்ள, ரொட்டி வாங்கற அளவுக்கா வந்துட்டுது? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்று வாசலிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். நான் உள்ளே கட்டிலில் உயிரோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். நம் சாவுக்கு இவ்வளவு கூட்டமா என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நீங்கள் ரொட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தீர்கள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேலையைப் பார்த்தீர்கள். என் பவுடர் டப்பா மூடியால் முதல் ரொட்டித் துண்டை வட்டமாக வெட்டி, மோந்து பார்த்து, பவுடர் வாசம் அடிக்கிறது என்று தூக்கி வைத்துவிட்டு, தேன் பாட்டில் மூடியைக் கழுவி எடுத்தீர்கள். அடுப்பு மூட்டவே இல்லை. வெள்ளரிப் பிஞ்சைக் கண்ணாடி மாதிரி சீவி, உப்புத் தூவி, இரண்டு வட்டத்துக்கு நடுவில் வைத்தீர்கள். சிலதில் கொத்துமல்லித் துவையல். சிலதில் நெல்லிக்காயைத் துருவித் தேனில் பிசறி வைத்தீர்கள். மரம் வெட்டிக் காய்த்துப்போன அந்த விரல்களா இவை என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மந்தாரை இலையில் வரிசையாக அடுக்கி என் மடியில் வைத்தீர்கள். ஒவ்வொன்றும் ஒரே வாயில் போடுகிற அளவு. பச்சை இலையில் வெள்ளை வட்டங்கள், மேலே பொட்டு வைத்த மாதிரி தக்காளித் துணுக்கு. தட்டு நிறையச் சோற்றைப் பார்த்தாலே எனக்கு மிரட்சியாக இருந்தது இல்லையா, இதைப் பார்த்தபோது பயமே வரவில்லை. சாப்பாட்டை இவ்வளவு அழகாக எனக்கென்று ஒருவர் செய்ய முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. கல்யாணத்தன்றுகூட உங்களை நான் அப்படி வாயடைத்துப் பார்த்ததில்லை.

யாரோ கொல்லென்று சிரித்தார்கள். பொண்டாட்டிக்குச் சொப்புச் சோறு ஆக்குறான் என்றார்கள். நான் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். என் அம்மா மறுபடி ஒப்பாரிக்கு வாயைத் திறந்தாள். நீங்கள் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டீர்கள்.

"யாரும் பேசாதீங்க. அவ துன்றா."

அவ்வளவுதான். அத்தனை பேரும் மூச்சு விடாமல் நின்றார்கள். நான் மென்றேன், விழுங்கினேன், எல்லாரும் என் வயிற்றையே பார்த்தார்கள். நெல்லிக்காய் வைத்தது நாலு தின்றேன். அன்றைக்கு ஒன்றும் வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ராத்திரியும், தேனு பிறக்கும்வரை, நான் அதைத் தின்றுதான் படுத்தேன்.

இப்போது குப்பம்மா அக்கா சொன்னதைக் கேளுங்கள். அந்த மாசங்களில் நீங்கள் ராத்திரிச் சோறே தின்னவில்லையாம். பங்களாவிலேயே சாப்பிட்டாச்சு என்று என்னிடம் பொய் சொல்லிவிட்டு, மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து, வெட்டி எடுத்த ரொட்டி ஓரங்களை வரக்காப்பியில் நனைத்துத் தின்பீர்களாம். அக்கா பார்த்துவிட்டுக் கேட்டதற்கு, "அவ சோறு துன்ற வரைக்கும் எனக்கும் வோணாம். அவகிட்ட சொல்லிடாதக்கா" என்றீர்களாம். அவளும் வாயைத் திறக்காமல் இத்தனை வருஷம் காப்பாற்றியிருக்கிறாள். நான் ஒரு நாளாவது அந்த ஓரமெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டேனா மாமா? எப்படி எனக்குத் தோன்றாமல் போயிற்று?

உங்களிடம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் போனபிறகு ராத்திரிக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. தேனு தட்டு வைப்பாள், பசியில்லை என்பேன். "நீ துன்னியா?" என்று கேட்டால், அப்பவே ஆச்சும்மா என்பாள். நேற்று சோற்றுப் பானையைத் திறந்து பார்த்தேன். வடித்தது வடித்தபடியே இருந்தது. உங்கள் மகள், உங்களைப் போலவே பொய் சொல்கிறாள்.

இன்றைக்கு உலை வைத்துவிட்டேன். பொழுது சாய்ந்ததும் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து நானும் சாப்பிடுவேன். எனக்காக இந்த வீட்டில் இன்னொருவர் வயிறு காய விடமாட்டேன், இது உங்கள்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
நம் தேனுவின் அம்மா,
உங்கள் அத்தை மகள்.