கல்லுக்கு அடியில் ஒரு படி

ஐப்பசி 4, செவ்வாய்

தீபாவளி மறுநாள். விடிந்ததிலிருந்து தூறல். கொடியில் துணி மூன்றாவது நாளாக. அதிரச டப்பாவில் எறும்பு.

நாளை சஷ்டி விரதம் ஆரம்பம். ஆறு நாள். பால், பழம் மட்டும். பொய், கோபம், புறம் பேசுவது கூடாது. மூன்றாவதுதான் கஷ்டம்.

காலையில் ஏரிக்கரைப் பிள்ளையார் கோயில். படித்துறையில் நனையாத படி: ஆறு. வீட்டுக்கு வருவதற்குள் எதிர்வீட்டு ஜமீலா அக்கா போன். ஹலோ எல்லாம் கிடையாது. "எத்தனை படி?" ஆறு என்றேன். வைத்துவிட்டார்.

பெரிய வெள்ளம் வந்து வீட்டுக்குள் இடுப்பளவு நின்றதே, அதற்கு அடுத்த மாதத்திலிருந்து இந்தக் கணக்கு. மாசாமாசம் சங்கடஹர சதுர்த்திக்கு ஒரு தடவை, மழைக்காலத்தில் தினமும். மேலிருந்து எண்ண வேண்டும். மூன்று படிதான் மிச்சம் என்றால் அரிசி டிரம் பரணுக்கு, பிரிட்ஜ் மேசை மேலே. தெருவுக்கே அதுதான் சட்டம்.

திங்கட்கிழமை படகுத்துறைக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம். ஏரிக்குள் கான்கிரீட் மேடை, படகு, நடைபாதை. இவர், என் வீட்டுக்காரர், தெருச் சங்கச் செயலாளர் என்ற முறையில் "வரவேற்கிறோம்" என்று எப்போதோ கடிதம் கொடுத்தாயிற்று. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரிட்டயர் ஆனபின் நடக்க ஒரு இடம் வேண்டுமாம்.

ஐப்பசி 5, புதன்

விரதம் முதல் நாள். தலை லேசாகக் கிறுகிறுப்பு.

ஜ. அக்காவும் நானும் மண்டல அலுவலகம் போனோம். சுற்றுச்சூழல் அறிக்கை அங்கே வைத்திருக்கிறார்கள், யாரும் படிக்கலாம். அங்கிருந்தவர் பியூனுக்குக் குரல் கொடுத்து, பியூன் சாவி தேடி, பீரோ திறக்க முக்கால் மணி. இங்கிலீஷில் தடிப் புத்தகம். தமிழ்ச் சுருக்கம் பதினாறு பக்கம். போட்டோ எடுக்கக் கூடாதாம். எழுதிக்கொள்ளலாமாம். எழுதினேன்:

- நடைபாதைக்காகக் கலங்கலின் அகலம் பாதியாகும்.
- "கலங்கல் நிரம்பி குடியிருப்புக்குள் நீர் புகுந்ததற்குப் பதிவு ஏதும் இல்லை."
- பின்னிணைப்பு: கோயில் படித்துறை, 11 படிகள்.

ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியே போக இருப்பது அந்தக் கலங்கல் ஒன்றுதான். அதைப் பாதியாக்கினால் தண்ணீர் என்ன செய்யும்? கரை தாழ்ந்த பக்கமாக வரும். அந்தப் பக்கம்தான் எங்கள் தெரு.

பதிவு இல்லையாம். ஜ. அக்கா அந்த வரியை விரலால் தடவித் தடவிப் படித்தார். அவர் வீடு எங்கள் வீட்டைவிட இரண்டடி பள்ளம். "உன் நோட்டு இருக்குல்ல" என்றார்.

அதைவிட ஒன்று. படி பன்னிரண்டு. முதல் நோட்டிலேயே எழுதியிருக்கிறேன், ஏரி வற்றிய கோடையில் இறங்கி எண்ணியது. இவர்கள் பதினொன்று என்கிறார்கள். சொன்னதும் ஜ. அக்காவுக்கு ஒரே சிரிப்பு. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தெரு குரூப்பில் போட்டுவிட்டார்: 'படி எண்ணத் தெரியாதவர்கள் படகுத்துறை கட்டுகிறார்கள்.' இறங்குவதற்குள் முப்பது பேர் கைதட்டல் பொம்மை. இவர் மட்டும் ஒன்றும் போடவில்லை.

ஐப்பசி 6, வியாழன்

மனு எழுதும் நாள். என் நோட்டில் இங்கிலீஷ் தேதியே இல்லை. மாசி ச.ச., வைகாசி ச.ச. என்றுதான். அதிகாரிக்கு அது புரியாது என்று ஜ. அக்கா சொன்னது நியாயம். கோயில் குருக்களிடம் பழைய பஞ்சாங்கம் கட்டாக வாங்கி வந்து ஒவ்வொன்றாகத் தேதி பார்த்தேன். பத்து வருஷம். கண் எரிச்சல்.

மூன்று படி, அதற்கும் கீழே, என்று எழுதியிருப்பது ஐந்து தடவை. ஜ. அக்கா மனுவில் அதைத்தான் முதல் வரியாக வைத்தார். "ஐந்து முறை அபாய மட்டம்." நாற்பத்தொரு கையெழுத்து சேர்ந்திருக்கிறது.

இவர் சாப்பிடும்போது மனுவை வாங்கிப் படித்தார். எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தினார். கையெழுத்துப் போடவில்லை.

ஐப்பசி 7, வெள்ளி

மழை இல்லை. புழுக்கம்.

ஷேர் ஆட்டோவில் இரண்டு பேர். ஒருத்தர்: "ஏரில போட் வுடப் போறாங்களாமே." இன்னொருத்தர்: "இன்னா புதுசு? வெள்ளத்தப்ப நம்ம தெருவுலயே ஃப்ரீயா வுட்டானுங்களே." எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். சிரித்திருக்கக் கூடாது, அடுத்து நடந்ததற்கு.

பஞ்சாங்கக் கட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பேச்சோடு பேச்சாக, படி பதினொன்று என்று எழுதியிருக்கிறார்கள் பாருங்கள் சாமி, என்றேன். குருக்கள் விபூதித் தட்டைத் துடைத்துக்கொண்டே, "பதினொண்ணுதானேம்மா. ஒண்ணு உங்க கல்லுக்கு அடியில போயிடுத்தே" என்றார்.

என் கல்.

கும்பாபிஷேகத்தின்போது மேலே செருப்பு விடும் இடம் சேறாக இருக்கிறது என்று கருங்கல் பாவினார்கள். அந்தக் கல் எங்கள் உபயம். மாமனார் பேர், இவர் பேர், என் பேர். பாவும்போது மேடையை நீட்டி, மேல் படியையும் மூடிவிட்டார்கள். அந்த மாதம் சின்னவள் பிரசவத்துக்குக் கேளம்பாக்கத்தில் இருந்தேன். வந்து பார்த்தபோது கல் பளபளவென்று இருந்தது. என் பேரில் ஒற்றெழுத்து சரியா என்று பார்த்தேன். படியை எண்ணவில்லை.

ஆறு வருஷமாக ஒவ்வொரு சதுர்த்தியும் என் பேர் மேலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு படி குறைவாக எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஐப்பசி 8, சனி

தூக்கமில்லை. பால் பொங்கி அடுப்பு அணைந்தது. பாராயணத்தில் இரண்டு தடவை இடம் தவறி, முதலிலிருந்து.

திரும்ப எழுதிப் பார்த்தது:
கும்பாபிஷேகத்துக்கு முன்: 3, 3. இவை சரி.
பின்: 2, 3, 3. உண்மையில் 3, 4, 4.
ஆக அபாயம் மூன்று தடவைதான். ஐந்து இல்லை.

பின்னால் வந்த அந்த இரண்டு "3" நன்றாக ஞாபகம் இருக்கிறது. இரண்டு தடவையும் டிரம், பிரிட்ஜ், கட்டில் எல்லாம் ஏற்றினோம். தண்ணீர் தெரு முனைகூட வரவில்லை. பிள்ளையார் காப்பாற்றினார் என்று இரண்டு தடவையும் சிதறு தேங்காய் உடைத்தேன். தெருவுக்கே சொன்னேன். இவர் மட்டும் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டு, உன் பிள்ளையாருக்கு முதல்லயே சொல்லத் தெரியாதா என்று கேட்டார். கோபப்பட்டேன்.

மதியம் ஜ. அக்காவிடம் சொன்னேன். தையல் மெஷினில் இருந்தார். மிதிப்பதை நிறுத்தவில்லை. யாருக்குத் தெரியும், குருக்களா வந்து சொல்லப் போகிறார் என்றார். மூன்று என்றாலும் ஐந்து என்றாலும் தண்ணீர் வந்தது நிஜம்தானே என்றார். நீயே தப்பு என்று சொன்னால் மொத்த நோட்டையும் குப்பையில் போடுவார்கள் என்றார். எல்லாமே சரி. விரதத்தில் இருக்கிறேன் அக்கா என்று மட்டும் சொன்னேன்.

அப்போதுதான் மெஷின் நின்றது. "விரதம் உனக்கு. புண்ணியமும் உனக்கு. தண்ணி மட்டும் எனக்கா?"

எழுந்து வந்துவிட்டேன். செருப்பைப் போடாமலே தெருவைத் தாண்டியிருக்கிறேன்.

ஐப்பசி 9, ஞாயிறு

இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் கட்சிக்கு நல்லது. சந்தோஷப்படுவாரோ என்று பயம்.

நாளைக்கு:
நோட்டு எல்லாம் பிளாஸ்டிக் கவரில்
கண்ணாடி
குடை
சொல்வதா?

குரூப்பில் இன்னும் அந்தப் படி ஜோக்குக்குக் கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள். திறந்தேன், மூடினேன், திறந்தேன். வெந்தயம் ஊறப் போட்டேன், எதற்கென்று தெரியவில்லை. நாளை வரை சமையலே கிடையாது எனக்கு.

ஐப்பசி 10, திங்கள்

சூரசம்ஹாரம். காற்று, மழை. கல்யாண மண்டபத்தில் கூட்டம். வாசலில் டீ, சமோசா. விரதம், தொடவில்லை.

மேடையில் அதிகாரி அம்மா, ஐம்பது வயதிருக்கும், சால்வை போர்த்தி. பக்கத்தில் அறிக்கை தயாரித்த கம்பெனி சார், லேப்டாப். திரையில் ஏரி, படகு, பலூன் பிடித்த குழந்தைகள். எங்கள் தெரு படத்தில் இல்லை, அந்த இடத்தில் மரம்.

ஜ. அக்கா மனுவை வாசித்தார். கடைசியில், இந்தக் கணக்கு எழுதிய பரமேஸ்வரி பேசுவார் என்று மைக்கை நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மைக்கைப் பிடித்தேன். ஐந்து இல்லை, மூன்று, என்றேன். கல், உபயம், மூடிய படி எல்லாம் சொன்னேன். படி பதினொன்று என்று நீங்கள் எழுதியதும் சரிதான், கேலி செய்ததற்கு மன்னிக்கணும் என்றும் சொன்னேன். பின்னால் யாரோ "போச்சு" என்றார்கள்.

கம்பெனி சார் உடனே எழுந்தார். அம்மாவே ஒத்துக்கொள்கிறார், இது சமையலறை நோட்டு, அளவே தப்பு, இதையெல்லாம் பதிவு என்று எடுக்க முடியாது என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஜ. அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

அப்போது மூன்றாவது வரிசையில் இவர் எழுந்தார். மைக் வாங்கிக்கொள்ளவில்லை.

"மேடம், நான் சங்கச் செயலாளர். படகுத்துறை வரட்டும்னு லெட்டர் கொடுத்தவன். இவங்க வீட்டுக்காரர். அரிசி டிரம்மை அஞ்சு தடவை பரண்ல ஏத்தினது நான்தான். மூணு தடவை உள்ள தண்ணி வந்துது. ரெண்டு தடவை வெறும் இடுப்பு வலி. அந்த ரெண்டும் கல்லு போட்டதுக்கு அப்புறம். இவங்க இப்ப சொல்ற கணக்குதான் சரியா வருது."

மண்டபமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. படகுத்துறை வேண்டும்தான், கலங்கலைக் குறுக்க வேண்டாம் என்று சொல்லி உட்கார்ந்தார்.

அதிகாரி அம்மா நோட்டைக் கேட்டு வாங்கினார். ரொம்ப நேரம் புரட்டினார். "கேஸ் புக் பண்ணினது, பால் வராதது எல்லாம் இருக்கே" என்றார். ஆமாம் என்றேன். ஒரு நாளாவது விட்டிருக்கீங்களா என்றார். கேளம்பாக்கத்தில் இருந்த மாதம் என்றேன்.

பிறகு எழுதச் சொன்னது: பதிவு இல்லை என்ற வரியை நீக்க வேண்டும். கல்லைப் பெயர்த்து, அடியில் படி இருக்கிறதா என்று பார்த்து, படித்துறையை அளக்க வேண்டும். இந்த மழை முடியும்வரை கலங்கல் பற்றி முடிவு கிடையாது.

அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்லவில்லை. மழை முடிந்தபின் என்ன சொல்வார்களோ.

வெளியே வந்தால் ஜ. அக்காவின் ஆட்டோ போய்விட்டிருந்தது.

ஐப்பசி 11, செவ்வாய்

குன்றத்தூர். திருக்கல்யாணம். படியேறும்போதெல்லாம் எண்ணிக்கொண்டே ஏறினேன், நிறுத்த முடியவில்லை. நல்ல மழை. வந்து ஏரிக்குப் போனேன். ஐந்து, கல்லைச் சேர்க்காமல். போன் வரவில்லை.

ஐப்பசி 15, சனி

போன் இல்லை. எதிர்வீட்டில் மெஷின் சத்தம் மட்டும். அதிரச டப்பா கழுவிக் கவிழ்த்தேன். இவர் தெருச் சங்கத்தின் பேரில் இன்னொரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார், என்ன என்று கேட்கவில்லை. எழுத்துப்பிழை பார்க்கக் கொடுத்தால் பார்ப்பேன்.

ஐப்பசி 20, வியாழன்

கல்லைப் பெயர்த்தார்கள். கம்பெனியிலிருந்து ஒரு பெண், கழுத்தில் அட்டை, அளவுகோல். குருக்கள் முதலில் கற்பூரம் காட்டினார். மாமனார் பேர் குறுக்கே உடைந்தது. இவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடியில் படி இருந்தது. ஓரம் தேய்ந்து, சிமென்ட் ஒட்டி. அந்தப் பெண் முட்டி போட்டு அளந்து, அறிக்கையின் பதினொன்றோடு ஒன்று கூட்டி எழுதிக்கொண்டாள். "பன்னிரண்டு, அம்மா" என்றாள். அவளே சொல்லட்டும் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி 22, சனி

சங்கடஹர சதுர்த்தி. நேற்று மாலை பிடித்த மழை. பால் வரவில்லை.

குடையோடு கோயில். உடைந்த கல்லைச் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறார்கள், என் பேர் தலைகீழாக. செருப்பைச் சேற்றிலேயே விட்டேன். பழைய படியில் நின்று எண்ணினேன். இரண்டு தடவை. கலங்கலில் சத்தம் பலமாக இருக்கிறது.

வந்ததும் இவர் டிரம்மைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இன்னும் இல்லை என்றேன். அரிசியில் பாதியை மட்டும் அண்டாவுக்கு மாற்றி வைத்தார், தூக்க லேசாக இருக்கட்டும் என்று.

அருகம்புல் ஆய்ந்துகொண்டிருக்கும்போது போன். ஈரக்கையோடு எடுத்தேன். ஹலோ இல்லை.

"எத்தனை படி?"

நாலு அக்கா. பழைய படியைச் சேர்த்து நாலு.