நடுக்கோடு போட்ட சாலை

மேடம்,

காலை ஷிஃப்டுக்கு முக்கால் மணி நேரம் தாமதமாகக் கிளம்புகிறேன். காரணம் கீழே. முட்டை வேக வைத்திருக்கிறேன். சாப்பிட்டதும் பிரஷர் மாத்திரையைப் போடு. குழாய் ரிப்பேர்காரர் பத்து மணிக்கு வருவார். மாடிச் சாவி ஆணியில் தொங்குகிறது.

இப்போது சொல்வதைப் படித்துவிட்டுக் கத்தாதே. ஷூ மாட்டக் குனிந்தபோது, நேற்று நீ வரைந்த அக்ரிலிக் படத்தில் என் சட்டைக் கை பட்டுவிட்டது. நீ தடிமனாகப் பூசிய இடம் உள்ளே காயவே இல்லை. படத்தில் இருக்கும் வீட்டுக்குப் போகும் சாலையில் பாதி இப்போது என் யூனிஃபார்மில் இருக்கிறது.

நேற்று நான், "இது ரோடா, காயப்போட்ட துண்டா?" என்று கேட்டதும், "இனிமே பெயிண்டையே தொட மாட்டேன், எல்லாத்தையும் பரண்ல தூக்கிப் போடுங்க" என்றாய். இதையும் பார்த்தால் வேண்டுமென்றே செய்தேன் என்றுதானே நினைப்பாய்? பயந்துபோய், சாம்பல் நிறம் குழைத்து நானே சரிசெய்ய உட்கார்ந்தேன். இருபது வருஷமாக பஸ் ஓட்டுகிற கை சும்மா இருக்குமா? நடுவில் வெள்ளைக் கோடும் போட்டுவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் முக்கால் மணி நேரம் ஓடியிருக்கிறது, போனதே தெரியவில்லை. டிப்போவுக்குப் போன் செய்தால், முதல் டிரிப்பை வேறு டிரைவர் எடுத்துப் போய்விட்டாராம். பிரஷர் குறைய டாக்டர் உன்னை ஏன் படம் வரையச் சொன்னார் என்று இன்றைக்குத்தான் புரிந்தது.

பிரஷ்ஷைக் கழுவிவிட்டேன்.

பி.கு.: பரண் ஏறுகிற ஸ்டூலை ஒளித்து வைத்திருக்கிறேன். தேடாதே.

இன்னொன்று: கோடு பிடிக்கவில்லை என்றால் அழித்துவிடு. அந்த வீட்டு வாசலில் மட்டும் ஒரு பஸ் நிற்க இடம் விட்டு வை. சாயங்காலம் வந்து நானே கொண்டுவந்து நிறுத்துகிறேன்.