நடுவில் கம்பி இல்லாத இருக்கை

என் இசக்கியின் அப்பாவுக்குக் கும்பிட்டு எழுதுவது. எனக்கு எழுத்து கொஞ்சம்தான் வரும். பிழை இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், வேறு யார் சிரிக்க இருக்கிறார்கள்?

கழக்கூட்டத்தில் நாம் பஸ்ஸுக்கு நிற்கும் வெயிட்டிங் ஷெட்டை இடித்துவிட்டார்கள். ரோடு அகலமாகிறதாம். நீங்கள் வெல்டிங் அடித்துப் பற்றவைத்த இரும்புப் பெஞ்சைப் பழைய இரும்புக்காரன் தூக்கிப் போனான். நின்று பார்த்தேன். அழுகை வரவில்லை.

அந்தப் பெஞ்சு வந்ததே என் வாயால்தானே. முன்னே நீளமாக ஒரு சிமெண்டுப் பலகை கிடந்தது. காலையில் கூட்டப் போனால் எவனாவது குடித்துவிட்டு அதில் படுத்திருப்பான். வாந்தியை நான் கழுவ வேண்டும். படுக்க முடியாத பெஞ்சு போடுங்கள் என்று குடியிருப்போர் சங்கத்து செக்ரட்டரி சாரை நச்சரித்தேன். அவர் அந்த வேலையை உங்களிடமே கொடுத்தார்.

என்னை உட்காரவைத்து இரண்டு பக்கமும் சாக்பீஸால் கோடு போட்டீர்கள். "ஒன் இடுப்பளவுக்கு யாரும் உக்காரலாம். படுக்க மட்டும் முடியாது" என்றீர்கள். எனக்கு வெட்கமும் சிரிப்புமாக வந்தது. கோடு போட்ட இடங்களில் கம்பி நின்றது.

உங்களுக்கு நெஞ்சடைத்த அன்று மதியம், ஆஸ்பத்திரிக்குப் போக அங்கேதான் வந்து உட்கார்ந்தோம். கொஞ்சம் படுக்கணும் என்றீர்கள். எங்கே படுக்க? இந்தப் பக்கம் கம்பி, அந்தப் பக்கம் கம்பி. நான் பிடித்து ஆட்டினேன்.

"ஆட்டாத. வராது. நான் பத்த வச்சதுல்லா."

பெருமையாகச் சொன்னீர்களா, என்னைக் குத்திச் சொன்னீர்களா? அதற்கப்புறம் நீங்கள் பேசவில்லை. தரையில் கிடத்தினேன். ஒரு ஆட்டோக்காரன் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி பகலிலேயே குடிச்சோ?" என்று மலையாளத்தில் கேட்டுவிட்டுப் போய்விட்டான். குடிகாரர்களைப் பற்றி நான் பேசிய பேச்சுதான் அவன் வாயில் வந்தது.

இப்போது புது ஷெட் வருகிறது. எந்த இருக்கை வேண்டும் என்று பார்க்க மூன்று மாதிரிகளைச் சங்கத்து முற்றத்தில் வைத்தார்கள். கூட்டுகிறவள் என்று என்னையும் கூப்பிட்டார்கள். இசக்கியும் வந்தாள். கல் இருக்கை உயரம், என் கால் தரையில் எட்டவில்லை. இரும்பு வெயிலில் சுட்டது, நடுவில் இரண்டு கம்பி வேறு. மூன்றாவது மரச்சட்டம். மழைத் தண்ணீர் இறங்க இடைவெளி உண்டு, முதுகுக்குச் சாய்வு உண்டு, பிடித்து எழும்ப ஓரத்தில் மட்டும் கை உண்டு. நான் அதில் நீட்டிப் படுத்தேன்.

"முப்பிடாதி, இது இருக்கானா கிடக்கானா?" என்றார் செக்ரட்டரி சார். உட்காரவா படுக்கவா என்று அவர் மலையாளத்தில் கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு அவர் குரல் இறங்கியது. இந்த ஊர் வழக்கம் தெரியும்தானே, ஷெட் கட்டினால் செத்தவர் ஒருவர் பேரை வைப்பார்கள். இரும்பு இருக்கை என்றால் உங்கள் ஞாபகத்துக்கு உங்கள் பேரைப் பொறிக்கலாமாம். மரத்துக்குப் பேர் கிடையாது, செத்தவர் பேரின்மேல் குடிகாரன் படுப்பது மரியாதையில்லையாம். அண்ணாச்சி என்றே கூப்பிட்டவர், உங்கள் முழுப் பேரைக் கேட்டார். நான் என்றைக்கு அதை வாயால் சொன்னேன்? இசக்கி ஓடிப்போய் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

அந்தத் தாளை வாங்கிக் கிழித்தேன்.

"அப்பா பேரு ஒரு எடத்துலயாவது இருக்கட்டும்மா."

"வேண்டாம். மரத்தையே போடுங்க சார்."

படுக்கிற ஆட்களை எழுப்புவது இனி என் பாடு என்று செக்ரட்டரி சார் சொல்லிவிட்டார். தலையாட்டினேன். இசக்கி என்னோடு பேசுவதில்லை. அவள் அப்பனை இரண்டாம் தடவையும் நானே கொன்றேனாம். முதல் தடவை என்று எதைச் சொல்கிறாள்? கேட்கத் தைரியமில்லை.

நேற்று இருக்கையைப் போட்டார்கள். இன்று காலையே ஒருவன் நாற்றத்தோடு படுத்திருந்தான். கிட்டப்போய் நெஞ்சைப் பார்த்தேன். ஏறி இறங்கியது. அவனுக்கு ஏறி இறங்குகிறதே என்று வயிறு எரிந்தது. ஆனாலும் எழுப்பவில்லை, சுற்றிக் கூட்டினேன்.

இனி யாரையும் எழுப்ப மாட்டேன். வேலை போனாலும் சரி. இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

உங்கள் வீட்டுக்காரி,
இசக்கியின் அம்மா
முப்பிடாதி