எனக்கும் பங்கு உண்டு

பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

நலம், நலமா என்று கேட்க எனக்குப் பொறுமையில்லை. போன் போட்டால் சபைப் பேச்சை எடுத்ததுமே "வேலை இருக்கு" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாதே, அதனால்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர், அதுதான் உன் மாப்பிள்ளை, நேற்று கைத்தடியோடு வாசல் வரை நடந்தார். நம் சபைக் கோயில் சுவருக்கு வெள்ளையடிக்கச் சாரத்தில் ஏறி, விழுந்து, பிழைக்க மாட்டார் என்று டாக்டரே சொன்ன மனிதர்! இப்போது டீயில் சர்க்கரை போதவில்லை என்று சண்டை போடுகிறார். எனக்குச் சந்தோஷத்தில் குதிக்க வேண்டும் போலிருக்கிறது. ஆனால் குதிக்க முடியவில்லை, அக்கா.

பாஸ்டர் வந்து, "ஞாயிற்றுக்கிழமை நீங்க எழுந்து சாட்சி சொல்லணும்மா, சபையே காத்திருக்கு" என்கிறார். கர்த்தர் ஜெபத்தைக் கேட்டார் என்று எல்லோர் முன்னாலும் நன்றி சொல்ல வேண்டுமாம். அதே சாரத்தில் கூடவே நின்றவர் கண்ணாடிக் கடை அண்ணன். அவரும்தான் விழுந்தார். சபை இரண்டு பேருக்காகவும்தான் ஜெபம் பண்ணியது. அவரை மூன்றாம் நாளே அடக்கம் பண்ணினோம். அவர் மனைவி, கண்ணாடிக் கடை அக்கா, ஒரு ஞாயிறு தவறாமல் எனக்கு முன் பெஞ்சில் வந்து உட்காருகிறார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நான் என்ன சொல்ல? சுவர் வேறு பாதி வெள்ளையும் பாதி அழுக்குமாக அப்படியே நிற்கிறது.

இருப்புக்கொள்ளவில்லை. துவைத்த துணியையே திரும்பத் துவைக்கிறேன். என்ன செய்யட்டும், சொல்.

உன் வாயாடி

பிப்ரவரி 15

அடி வாயாடி,

உனக்கே வாய் அடைத்துப்போயிற்றா? உலகம் தலைகீழாகத்தான் போகிறது.

கேட்டதால் சொல்கிறேன். எழுந்திருக்காதே. வாயைத் திறக்காதே. என் சின்னவள் காய்ச்சலில் போன பிறகு நான் அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன். யாரோ ஒருத்தி எழுந்து, தன் பிள்ளை பரீட்சையில் பாஸானதற்குக் கர்த்தருக்கு நன்றி என்றாள். பரீட்சைக்கு நேரம் ஒதுக்கியவருக்கு என் பிள்ளைக்கு நேரமில்லையா என்று எனக்கு எரிந்தது. அன்றைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தவள்தான், திரும்பப் போகவில்லை.

அந்தக் கண்ணாடிக் கடை அம்மாள் பாவம். நன்றி இருந்தால் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு சொல். கர்த்தருக்குக் காது கேட்காதா என்ன, மைக் எதற்கு?

இங்கே சட்டைக் கம்பெனியில் வேலை அப்படியேதான். காலையிலிருந்து சட்டை சட்டையாகப் பிரித்துக் குறை கண்டுபிடிக்கிறேன். குறை காண்பதற்குச் சம்பளம் தருகிற ஒரே கம்பெனி. உன் அத்தான் எனக்குப் பொருத்தமான வேலை என்கிறார்.

மாப்பிள்ளையைக் கவனித்துக்கொள். டீயில் சர்க்கரையைக் குறை.

அக்கா

பிப்ரவரி 23

அன்புள்ள அக்கா,

நீ சொன்னபடியே செய்தேன். பாஸ்டர் என் பக்கம் பார்ப்பதற்குள் எழுந்து, சின்னப் பிள்ளைகள் வகுப்புக்குள் போய்விட்டேன். ஆராதனை முடிகிற வரை கிரேயான் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தேன். உன் மாப்பிள்ளையைக் கோயிலுக்கே வர விடவில்லை. கால் இன்னும் சரியாகவில்லை என்று எல்லோரிடமும் பொய்.

வீட்டுக்கு வந்து டீ கொடுத்தால் அவர் டம்ளரைத் தள்ளி வைத்தார். அப்புறம் கேட்டார்: "நான் உயிரோட இருக்கிறது உனக்கு அவ்வளவு வெக்கமா இருக்கா? எதுக்கு என்னை ஒளிச்சு வைக்கிற?"

நான் துணி துவைக்கப் போய்விட்டேன். உனக்குப் பதில் தெரிந்தால் எழுது.

தங்கை

மார்ச் 5

அன்புள்ள அக்கா,

உன் பதில் வரவில்லை. காத்திருக்க என்னால் ஆகாது.

செவ்வாய்க்கிழமை சந்தையில் கண்ணாடிக் கடை அக்காவைப் பார்த்ததும் நான் வேறு சந்துக்குள் நுழைந்துவிட்டேன். சாயங்காலம் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் அவர்தான். உள்ளே வந்து, நான் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏன்டி, என்னைக் கண்டா ஓடுற? நான் என்ன கடன்காரியா?"

"இல்லக்கா, உங்க மனசு கஷ்டப்படுமேன்னு..."

"என் மனசு ஏற்கனவே கஷ்டத்துலதான் இருக்கு. நீ பேசாம இருந்தா குறைஞ்சிடுமா? அன்னிக்கு ஆஸ்பத்திரி படிக்கட்டுல உக்காந்து ஆண்டவர்கிட்ட ரெண்டு பேருக்காகவும்தான் கேட்டேன். என் வீட்டுக்காரருக்காக மட்டும் நான் கேக்கலைடி. நான் கேட்டது கிடைச்ச இடம் உன் வீடு ஒண்ணுதான். அதையும் நீ மூடி வச்சிட்டா, நான் எங்க போய்ப் பாக்குறது?"

நான் அழுதுவிட்டேன். அவரும் அழுதார். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "ஆண்டவர் மேல எனக்குக் கோபம் இருக்கு. தினம் சண்டைதான். அது எனக்கும் அவருக்கும். நீ நடுவுல வராத. உன் வீட்டுக்காரரைக் கூப்பிடு, நடக்கச் சொல்லு, பாக்கணும்" என்றார்.

இவர் படுக்கையறையிலிருந்து அடுப்படி வரை நடந்து காட்டினார். அந்த அக்கா கண் எடுக்காமல் பார்த்தார். "இடது கால இழுக்குறீங்களே, தம்பி. இன்னொரு தடவ நடங்க" என்று அதட்டினார். இவரும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மறுபடி நடந்தார்.

அதனால் இந்த ஞாயிறு எழுந்தேன், அக்கா. உன் பேச்சைத் தட்டிவிட்டேன். கோபித்துக்கொள். முன்பு நீ கேட்ட சாட்சிகள் மாதிரி என்னால் பேச முடியவில்லை. "ரெண்டு பேர் விழுந்தாங்க. ஒருத்தர் எழுந்தார். ஏன்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்ச மாதிரி பேசவும் மாட்டேன். எழுந்தவருக்காக நன்றி, ஆண்டவரே" என்றேன். அவ்வளவுதான். மண்டபத்தில் எல்லோரும் முன் பெஞ்சைத்தான் பார்த்தார்கள். அங்கேயிருந்துதான் முதல் "ஸ்தோத்திரம்" வந்தது. குரல் உடைந்திருந்தாலும் பலமாகவே வந்தது.

உன்னைக் காயப்படுத்த இதை எழுதவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

உன் வாயாடி

மார்ச் 14

வாயாடி,

உன் கடிதத்தைப் படித்து ஒரு வாரம் உன் மேல் கோபமாக இருந்தேன். பிறகுதான் அந்தக் கோபம் யார் மேல் என்று புரிந்தது.

சின்னவள் போன பிறகு நம் சபை என்னிடம் எப்படி நடந்துகொண்டது தெரியுமா? நான் உள்ளே போனால் பேச்சு நிற்கும். கைக்குழந்தைக்காரிகள் பின் பெஞ்சுக்குப் போவார்கள். உன் மகன் பிறக்க நானும்தான் ஜெபத்தில் கேட்டேன்; அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததையே எனக்குச் சொல்லாமல் முடித்தீர்கள். என் மனசு நோகக் கூடாதாம். அதை அன்பு என்று எனக்குத் தெரியும். அன்பை எப்படிக் குறை சொல்வது? அதனால் சபையைக் குறை சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பரீட்சைக்கு நன்றி சொன்னவள் ஒரு சாக்கு. என் வீட்டுக் கதவைத் தட்டி, "இவனைத் தூக்கு, நீ கேட்ட பிள்ளை" என்று உன் மகனை யாராவது என் மடியில் போட்டிருந்தால் நான் அழுதிருப்பேன். சபையை விட்டுப் போயிருக்க மாட்டேன்.

உன்னை வாய் மூடச் சொன்னேனே, அது எனக்குச் செய்ததையே அந்த அக்காவுக்கும் செய்யச் சொன்னதுதான்.

இன்னொன்று. யாரிடமும் சொல்லவில்லை, அத்தானுக்கும் தெரியாது. மாப்பிள்ளை விழுந்தார் என்று தகவல் வந்த அன்று, குடோனில் துணிக் கட்டுகளுக்கு நடுவே போய் நின்றேன். ஜெபம் பண்ணும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. "அவர் வேணும், குடு" என்று மட்டும் கேட்டேன். மரியாதையில்லாமல்தான். சூப்பர்வைசர் வந்து என்ன தேடுகிறாய் என்றார். பொத்தான் என்றேன்.

ஆக, மாப்பிள்ளை பிழைத்ததில் அந்த அக்காவுக்குப் பங்கு உண்டென்றால் எனக்கும் உண்டு. அதை யாரும் எனக்குத் தெரியாமல் கொண்டாட வேண்டாம்.

நன்றி சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. கோபம்தான் வருகிறது. கோபத்தோடு வந்து உட்காரலாம் போலிருக்கிறதே உங்கள் முன் பெஞ்சில். அந்த அக்காவைக் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். உன் மகனுக்கு ஒரு சட்டை எடுத்திருக்கிறேன். அளவு தெரியாது, குத்துமதிப்புதான். பஸ் நிலையத்துக்கு ஆட்டோ எடுக்காதே. மாப்பிள்ளை நடந்தே வரட்டும். நான் பார்க்க வேண்டும்.

அக்கா